கண்ணாடிக் கூட்டுக்குள் வலை இழுப்பவள்

பங்குனிக் கடைசியில் முல்லைத்தீவுக் கரைக்குப் போனது ஒரு சிலையைக் கேட்பதற்காக. பார்ப்பதற்கு அல்ல, கேட்பதற்கு. செய்தவள் என் சிநேகிதி யோகம். மலையகத்தில் இருந்து மல்லாவிக்கு வந்து குடியேறிய குடும்பம். கரைவலை இழுக்கும் ஒரு பெண்ணைச் சீமெந்தில் செய்து, அந்த ஊர்க் கடற்கரையில் நிறுத்தியிருந்தாள். நெஞ்சு முழுக்க வெற்றிடம், முதுகில் நீளநீளமான துவாரங்கள். காற்று புகுந்தால் பாடும். ஆனால் கட்டி முடித்த நாளில் காற்றே இல்லை. தன் சிலையின் குரலை யோகம் இன்னும் கேட்டதில்லை.

மல்லாவியில் காலை பத்து மணிக்கு இருவரும் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறினோம். அங்கிருந்து நாற்பத்தொன்பது கிலோமீற்றர், நின்றபடிதான் பயணம். முல்லைத்தீவில் இருந்து ஓட்டோவுக்கு எண்ணூறு ரூபா. பேரம் பேசினால் குறையும், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. சிலையடிக்குப் போகவேண்டும் என்றோம்.

"புது மாதாவிட்டயோ? ஏறுங்கோ" என்றார் ஓட்டோக்காரர். தன் வலைக்காரியை மாதா ஆக்கிவிட்டார்கள் என்று யோகத்தின் முகம் அங்கேயே இருண்டுவிட்டது.

சந்திக்குச் சந்தி புனிதர்களுக்குக் கண்ணாடிக் கூடு கட்டுகிற ஊர். பழக்கதோஷத்தில் இந்தச் சிலைக்கும் கட்டிவிட்டார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே தகரம், கடல் பக்கம் பூட்டுப் போட்ட சின்னக் கதவு. போதாததற்கு அவள் உடம்பில் மாதாவின் நீலப் பெயின்ற் வேறு. வெளியே காற்று என் குடையைத் திருப்பி மடித்தது, உள்ளே ஒரு சத்தமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கல் கிடைத்திருந்தால் எறிந்திருப்பேன்.

அந்தப் பூட்டின் திறப்பு வைத்திருந்த அந்தோனி அண்ணை கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்தார். அந்த அன்புதான் கூடுதல் எரிச்சல். கடல் பக்கக் கண்ணாடியை மட்டுமாவது கழற்றுங்கள் என்று யோகம் கெஞ்சினாள்.

"காத்து வந்தால் மெழுகுதிரி நூந்துபோகும், பிள்ளை. சனம் நேர்த்தி வைச்சுக் கொளுத்துறது."

"அண்ணை, உள்ளுக்க இருக்கிற வெளியைத்தான் நான் செய்தனான். சீமெந்து அதுக்குச் சுவர். காத்தை மறிச்சால் அங்க சிலையே இல்லை."

அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். பிறகு எங்களைச் சமாதானப்படுத்த ஒரு திரி ஏற்றலாம் என்று கதவைத் திறந்தார்.

காற்று உள்ளே போனது. முதலில் தொண்டை செருமுவதுபோல் ஒன்று, பிறகு நீண்ட, கனத்த குரல். கயிற்றை இழுத்து இழுத்து மூச்சுவிடுகிற பெண்ணின் குரல். அண்ணை எங்களிடம் நெருப்புப்பெட்டி கேட்டு வாங்கித் தீக்குச்சி உரசினார், நூர்ந்தது. மறுபடியும் உரசினார், நூர்ந்தது. யோகம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரி பற்றியதும் அவர் பக்குவமாகக் கதவைச் சாத்தினார். குரல் அறுந்தது. ஒரு சின்னச் சுடருக்காக அந்தக் குரலை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள், கடற்காற்று நன்றாக இருக்கும். திரி ஏற்ற வேண்டும் என்று சொன்னால் அண்ணை கதவைத் திறப்பார். நெருப்புப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அவர் வீட்டுக்குப் போய் எடுத்து வரும் வரைக்கும் அவள் பாடுவாள்.