நான் செய்து வைத்த அணுக் கல்யாணம்

கூட்டத்தைக் கண்டால் சிரிக்க வைக்காமல் இருக்க என்னால் முடியாது. எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் வேதியியலைவிட அதில்தான் நான் கெட்டிக்காரன்.

கிள்ளான் நகரிலிருந்து தினமும் ரயிலேறி வரும் கவிதா என் ஜூனியர். ஃபிளெரோவியம் என்ற மிகக் கனமான தனிமத்தின் இரண்டு அணுக்கள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது என்று கணினியில் கணக்கிட்டிருந்தாள். அவள் ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான். சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்கோ உறுதியான பிணைப்பு கிடைத்தது.

"என் அணுக்களுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. உன்னோடது இன்னும் பொண்ணு பாக்கவே போகலையா?" என்றேன், குழுக் கூட்டத்தில். பேராசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கவிதா முதலிலிருந்து மறுபடி கணக்கிட உட்கார்ந்தாள்.

மறுவாரம் என் கோப்பைத் தற்செயலாகத் திறந்தேன். அத்தனை கனமான அணுவில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். அந்தச் சார்பியல் விளைவால் பிணைப்பே மாறிவிடும். அதைக் கணக்கில் சேர்க்கும் ஒற்றை நிரல் வரியை நான் போடவே இல்லை. போட்டுப் பார்த்தேன். அவள் விடையே வந்தது.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கவிதாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும்ணே," என்றாள், ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே. "உங்க ஃபைல போன வாரமே பார்த்துட்டேன். எல்லார் முன்னாடியும்தானே கிண்டல் பண்ணீங்க. அங்கயே சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணேன் லா."

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். தவற்றோடு சேர்த்துச் சொல்ல ஒரு நகைச்சுவையும் தயாராக வைத்திருந்தேன். கவிதாவின் முகத்தைப் பார்த்தேன். தவற்றை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.