பின்பக்கம் மட்டும் கிழிந்த ஜம்ப்சூட்

இன்று என் ஜம்ப்சூட்டை எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு தையல் கடைக்குப் போனேன்.

தைக்கிற அக்கா விரித்துப் பார்த்தார். பின்பக்கம் மட்டும் கிழிந்திருந்தது.

"மோட்டர் ஓட்டும்போது விழுந்துட்டீங்களா தம்பி?"

"இல்லக்கா, பிளேன்லேர்ந்து குதிச்சேன்."

"ஐயோ! பாராசூட் விரியலையா?"

"நல்லா விரிஞ்சிச்சுக்கா."

"அப்புறம் எப்படிக் கிழிஞ்சிச்சு?"

விளக்கினேன். போன மாதம்தான் சின்னதாக, வேகமானதாக ஒரு பாராசூட் வாங்கினேன். தரையை நெருங்கும்போது அதைச் சட்டென்று திருப்பினால் வேகம் பிடிக்கும். புல்லை உரசுகிற மாதிரி பறந்து வந்து, ஸ்டைலாக எழுந்து நிற்கலாம். நேற்று நான் திருப்பியது கொஞ்சம் தாமதம். புல்லை உரசினேன், உட்கார்ந்தபடியே.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மெதுவா எறங்கத்தானே லா பாராசூட்டு? அதுல போய் என்ன அவசரம்?"

இரண்டு வருடமாகக் குதிக்கிறேன். இதை நான் யோசித்ததே இல்லை.

"சரி, ஒண்ணாம் ஆண்டுப் பசங்க பள்ளிக்கூடத்துக்குப் போடுற சிலுவாரு பின்னாடி வைக்கிற மாதிரி டபுள் துணி வச்சுத் தரேன். அதுங்களும் உக்காந்துதான் சறுக்கும்."

வெள்ளிக்கிழமை வாங்கப் போகவேண்டும். நம் பாராசூட் குழுவில் வேகமாக இறங்குகிறவர்கள் அதற்குள் அக்காவுக்கு ஒரு பதில் எழுதி அனுப்புங்கள்.

பதில் தெரியாதவர்களுக்குக் கடை முகவரி அனுப்புகிறேன்.