கழுத்து மூடிய சுவெட்டர்

எங்கள் டிசைனருக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெண் வேண்டும். அந்தப் பெண் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு வருடம் கறுப்பு வெள்ளைக் காலத்து நடிகை. அடுத்த வருடம் ஆண்களின் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறிய பாடகி. அதற்கடுத்த வருடம் மழையில் தொப்பியில்லாமல் நடந்துபோன ஓர் இளவரசி. அவர்களுடைய படங்களைச் சுவரில் குத்திவைத்துவிட்டு, டிசைனர் கிழமைக் கணக்கில் அவற்றுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். யாரோ ஒருத்தி எப்போதோ ஒரு விருந்துக்கு எதையோ உடுத்திக்கொண்டு போயிருப்பாள். உலகத்து டிசைனர்கள் அதை ஐம்பது வருடமாகத் திருப்பித் திருப்பிக் கனவு காண்பார்கள். கனவு அவர்களுக்கு, ஊசி குத்துவது எங்கள் விரலில்.

நான் கொப்பன்ஹேகனில் உள்ள அந்தத் தையலகத்தில் பதினொரு வருடமாகக் கைத்தையல் செய்கிறேன். ஒரு சட்டைக்கு மூன்று பேர் ஒரு மாதம் குனிந்திருக்கும் வேலை. தையல் இயந்திரச் சத்தம் அனேகமாகக் கேட்காது. சேர்ந்த புதிதில் எனக்கு இதெல்லாம் பைத்தியக்கார விசர்க்கூத்தாகத்தான் தெரிந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியது என்று சொல்வதும் பொய், மயங்கிவிட்டேன். மாரிக் குளிர்காலத்தில் காலை எட்டரைக்குத்தான் வெளிச்சம் வரும். அது கால்வாய்த் தண்ணீரில் பட்டுக் கூரையில் அசையும். மடியில் பட்டு கிடக்கும். யாரும் கதைக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் நான் எந்த நாட்டில் இருக்கிறேன், எனக்கு என்ன வயது என்பதெல்லாம் மறந்துபோகும்.

போன இலையுதிர்காலத்தில் டிசைனர் சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றிவிட்டார். ஒருத்தியும் பிடிக்கவில்லையாம். எல்லாரையும் எல்லாரும் தைத்து முடித்துவிட்டார்களாம். சுவர் வெறுமையாகக் கிடந்தது, எங்களுக்கு வேலையும் இல்லை. பழைய சட்டைகளுக்குக் கொக்கி மாற்றிக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வெளியே ஒரே பனிப்புகார், கால்வாயின் எதிர்க்கரை தெரியவில்லை. நான் என் தொலைபேசியில் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிசைனர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காதே! "எங்களுக்கும் ஒரு பஷன் ராணி இருந்தாள், தெரியுமா?" என்று ஒரு படத்தை நீட்டினேன்.

படத்தில் இருந்தவள் என் சிநேகிதி. முப்பது வருடங்களுக்கு முன்னர் வைலே நகரத்தில் ஒரு மண்டபத்து வாசலில், முழங்காலளவு பனியில் நிற்கிறாள். அரக்கு நிறக் காஞ்சிபுரம் சேலை. அதற்குச் சட்டையாகக் கறுப்புக் கம்பளிச் சுவெட்டர், தாடை வரை கழுத்து மூடியது. சேலைத்தலைப்பு தோளில் சரிந்து பனியைத் தொடுகிறது. அவள் கமராவைப் பார்க்கவில்லை. என்ன வடிவு அவள்! இப்போது பார்த்தாலும் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அன்று அந்த மண்டபத்தில், பெரியவளான ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீடு. அவள் உள்ளே வந்ததும் பெண்கள் பக்கம் அப்படியே அடங்கிவிட்டது. சேலைக்குச் சுவெட்டரா என்று முதலில் நெளித்தவர்கள், சோறு பரிமாறி முடிவதற்குள் அதை எங்கே வாங்கியது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த கொண்டாட்டத்தில் ஆறு பேர் சுவெட்டரோடு வந்தார்கள். தைப்பொங்கலுக்கு மண்டபம் முழுக்கச் சுவெட்டர். அவள் தாலிக்கொடியைச் சுவெட்டருக்கு உள்ளேயே விட்டிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண் கொடியை உள்ளே விடுவதா? எங்கள் கொடி கைவிரல் தடிப்பில் இருக்கும், நாலுபேர் பார்க்கத்தானே அதைப் போடுவது! ஆனால் அவள் செய்தால் அது ஸ்டைல். நாங்களும் உள்ளே விட்டோம். முதலில் விட்டவள் நான். அந்த வீடியோ கொப்பிகள் லண்டனுக்கும் கனடாவுக்கும் தபாலில் போயின. அங்கேயும் சிலர் அப்படி உடுத்தினார்கள் என்று கேள்வி. கோடையில் அவள் சுவெட்டரைக் கழற்றினாள், நாங்களும் கழற்றினோம்.

இதையெல்லாம் நான் அரைகுறை டேனிஷில் சொல்லச் சொல்ல, டிசைனர் தொலைபேசியைத் தன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஏன் கழுத்தை மூடியிருக்கிறாள்?" என்று கேட்டார்.

"அவள் அப்படித்தான். தனக்குப் பிடித்ததைச் செய்வாள்," என்றேன், ஏதோ நான்தான் அவளைப் பெற்றவள் மாதிரி.

அடுத்த நாள் காலை வெறுஞ்சுவரில் அந்த ஒரே படம் ஆளுயரத்துக்குப் பெரிதாகத் தொங்கியது. படத்தைக் கொடுத்தது நான்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எனக்கு அவ்வளவு பூரிப்பு, அவ்வளவு புழுகம்.

அவள் இன்றும் வைலேயில்தான் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. அவர் போன பிறகு ஒரேயொரு கொண்டாட்டத்துக்குத்தான் வந்தாள். அன்று ஆலாத்தி, அதாவது ஆரத்தி, எடுக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டு வந்த பெண், அவளுக்கு அருகில் வந்ததும் மிகவும் மரியாதையாகச் சிரித்துவிட்டு அடுத்த கதிரைக்குப் போனாள். கூடாத பிள்ளை இல்லை. புருஷன் இல்லாதவளை ஆலாத்திக்குக் கூப்பிடாத வழக்கம். அதற்குப் பிறகு அவள் எந்த மண்டபத்துக்கும் வரவில்லை. வேலை, வீடு, மாலையில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், டோஸ்ட்ருப்பில் என் சமையலறையில் இருந்துகொண்டு நான் கத்துவேன், "எடியே, நீ என்ன வீட்டுக்குள்ளை முட்டையே அடைகாக்கிறாய்?" அவள் சிரித்துவிட்டுக் கதையை மாற்றிவிடுவாள். வைத்தபின் எனக்கு அழுகையாக வரும். இந்த நாட்டில் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான்.

அந்த மாரி முழுவதும் நாங்கள் அவளைத் தைத்தோம். பன்னிரண்டு உடுப்புகள். எல்லாவற்றிலும் ஒரு தோளிலிருந்து சரியும் துணி, எல்லாவற்றிலும் தாடை வரை மூடிய கழுத்து. ஜன்னலுக்கு வெளியே பனி விழும், உள்ளே நான் அவளுடைய தோள்வளைவில் ஊசி ஏற்றிக்கொண்டிருப்பேன். சில நேரம் கண் சொருகும். துணிக்குள் அவள் இருப்பது போலவும், மூச்சு விடுவது போலவும் இருக்கும். திரும்பிப் பார்த்தால் சுவரில் பனிக்குள் நின்றுகொண்டிருப்பாள். அப்படி ஒரு சந்தோசத்தோடு நான் வேறெதையும் தைத்ததில்லை.

தை மாதம், காட்சிக்கு ஐந்து நாள் இருக்கையில் டிசைனர் சொன்னார், "கடைசி உடுப்பை அவளே போட்டு நடக்கட்டும். இத்தனை வருடமாக நான் படங்களுக்குத் தைத்தேன். இவள் உயிரோடு இருக்கிறாள் அல்லவா? கூட்டி வா."

அப்போதுதான் உறைத்தது, நான் அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு வருடமாக ஆட்கள் முகத்தில் முழிக்காமல் இருப்பவளை, அவளுக்கே தெரியாமல் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். தெரிந்தால் என் உறவையே வெட்டிவிடுவாள். அவள் கோபக்காரி இல்லை, ஆனால் ஒருவரை விட்டால் விட்டதுதான். ஆனாலும் எனக்குள் ஓர் ஆசை. அந்த உடுப்பில் அவளை ஒருதரம் ஆட்களுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். கள்ளப்புத்தி வேலை செய்தது. "காய்ச்சல் மாதிரிக் கிடக்கு, வந்து ரெண்டு நாள் நில்லன்," என்று தொலைபேசியில் இருமிக் காட்டினேன். அடுத்த ரயிலிலேயே இரசமும் கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள், வேலை இடத்தில் ஒரு சாமானை எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். மூன்று மாடி ஏறினோம். கதவைத் திறந்தேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் இருந்தவள் எங்கோ பார்த்தாள். சரிகை மினுங்கும் அந்த அறையில் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நின்றார்கள்.

"ஆர் குடுத்தது உந்தப் படத்தை?"

"நான்தான்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனி?"

அவள் வெட்டுமேசைக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் மெதுவாக அமர்ந்தாள்.

"நான் ஏன் அந்தச் சுவெட்டரைப் போட்டனான் எண்டு உனக்குத் தெரியுமே?"

"வடிவுக்கு..."

"வடிவுக்கோ! கழுத்திலை கொடி இல்லையடி. வித்துப்போட்டம். தம்பி இஞ்சை வாற வழியிலை, ஏதோ ஒரு எல்லையிலை பனிக்குள்ளை நிண்டவன். ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டவேணும். எங்களிட்டை வேறை என்ன கிடந்தது?"

நான் அவளுடைய காலடியில் குந்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை.

"புருஷன் குத்துக்கல்லு மாதிரி பக்கத்திலை நிக்க, வெறுங்கழுத்தோடை எந்த முகத்தோடை சபைக்குப் போறது? அவர்தான் அகதி முகாமிலை தந்த பழைய உடுப்புக்குள்ளை கிண்டி அந்தச் சுவெட்டரை எடுத்துத் தந்தவர். மண்டபத்திலை ஒருத்தரும் கேக்காமலே வலியப் போய்ச் சொல்லுவார், இவவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது எண்டு. பேந்து பாத்தால், நீங்கள் எல்லாரும் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, கொடியையும் உள்ளுக்கை விட்டுக்கொண்டு வந்து நிக்கிறியள்! அண்டைக்கு வீட்டை போய் நானும் அவரும் சிரிச்ச சிரிப்பு. எல்லாற்றை கழுத்தும் மூடிக் கிடந்ததாலைதான் என்ரை கழுத்தை ஒருத்தரும் பாக்கேல்லை. கோடைக்கிடையிலை அவர் கடன்பட்டு வேறை கொடி வாங்கித் தந்த பிறகுதான் சுவெட்டரைக் கழட்டினனான். விசரியள். நீங்கள்தான் என்னைக் காப்பாத்தினது."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளடி, எனக்குத் தெரியாது," என்றேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது? முப்பது வருடமாக வாய் கிழியக் கதைத்த இரண்டு பேருக்கு நடுவில் இப்படி ஒன்று கிடந்திருக்கிறது.

டிசைனர் பதறிப்போய் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு டேனிஷில் சொன்னாள். அவளுடைய டேனிஷ் என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. திருமணமான பெண் கழுத்தில் எங்கள் ஆட்கள் எதைத் தேடுவார்கள் என்பதையும், அது தன் கழுத்தில் இல்லாமல் போன கதையையும் நேராகச் சொன்னாள். டிசைனர் கேட்டு முடித்துவிட்டு எழுந்துபோய்ப் படத்தின் ஒரு மூலையில் கை வைத்தார். கழற்றிவிடவா, உடுப்புகளையும் நிறுத்திவிடுகிறேன் என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

அவள் எழும்பினாள். பொம்மையில் போட்டிருந்த கடைசி உடுப்புக்குக் கிட்டப் போனாள். அரக்குப் பட்டு, இடுப்பில் பிடிக்காமல் தோளிலிருந்து நிலம் வரை ஒரே சரிவு. மடிப்பின் உட்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"தையல் உன்ரையோ?"

"ஓம்."

"வடிவாய்த்தான் கிடக்கு, மூதேவி."

அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் திரும்பி வந்தது. போட்டுப் பார்க்கிறேன் என்றாள். திரைக்குப் பின்னால் அவளுக்கு உடுத்திவிட்டேன். பின்கழுத்தில் இருபத்திரண்டு சின்னக் கொக்கிகள். ஒவ்வொன்றாக மாட்டினேன். பின்னேர வெளிச்சம் கண்ணாடியில் மங்கலாக விழுந்தது. நரைத்த தலை, அகன்ற இடுப்பு, அதே நிமிர்வு. படத்தில் இருந்தவளைவிட இவள்தான் வடிவு என்று எனக்குப் பட்டது, அதைச் சொல்லியும்விட்டேன்.

அவள் தாடையைத் தொடும் அந்தக் கழுத்துத் துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இதை வெட்டி எடு."

"என்ன?"

"கழுத்தைத் திற எண்டுறன். அப்ப அவர் இருந்தார், கொடி இல்லை, மறைச்சன். இப்ப அவரும் இல்லை, கொடியும் இல்லை. இனி ஆருக்கு மறைக்கிறது? வெட்டு."

நான் டிசைனரைப் பார்த்தேன். பத்து நாள் வேலை அந்தக் கழுத்து. தமிழ் விளங்காவிட்டாலும் அவள் விரல் காட்டிய இடம் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையை ஆட்டினார். கத்தரிக்கோலை எடுத்தேன். அதன் குளிர் பட்டதும் அவள் ஒருதரம் கண்ணை மூடினாள். துணி வட்டமாகக் கழன்று என் கையில் விழுந்தது.

ஐந்தாம் நாள் மாலை, துறைமுகத்துப் பழைய களஞ்சியம் ஒன்றில் காட்சி. பதினொரு இளம்பெண்கள் மூடிய கழுத்தோடு ஒருவர் பின் ஒருவராக மெல்லிய வெளிச்சத்துக்குள் மிதந்து வந்து போனார்கள். கடைசியாக அவள் வந்தாள். முதியோர் இல்லத்துத் தாழ்வாரத்தில் நடப்பது போலத்தான் நடந்தாள், அவசரமில்லாமல், நேராகப் பார்த்துக்கொண்டு. கழுத்தில் ஒன்றும் இல்லை. சனம் எழும்பிக் கைதட்டியது. நான் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலும் பிடித்தபடி விம்மிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செருப்பாகக் கழற்றினாள்.

"அடுத்த மாசம் வைலேயிலை ஒரு சாமத்தியவீடு. வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். இரவைக்கு போன் எடுத்து, வாறன் எண்டு சொல்லப்போறன்," என்றாள். "முதல் வரிசையிலை இருப்பன். நீ எனக்குப் பக்கத்திலை இரு. ஆலாத்திக்கு ஆள் கூப்பிட வாற பிள்ளை என்னைத் தாண்டிப் போனால், நீ சண்டைக்கு எழும்பக்கூடாது. நானே ஆலாத்தி எடுக்க எழும்புவன்."