பெயர் கூப்பிட்டதும் எழுந்து வந்தவர்

எனக்கு முதல் நியமனம் கிடைத்தது ஒரு பெண்கள் பாடசாலையில். சிலாபத்தில் பஸ் ஏறி, மதுரங்குளியில் மாறி, கடற்கரைப் பக்கம் போக வேண்டும். யுத்தம் முடிந்து எட்டு ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. மீன்பிடிக் குடும்பங்களின் கத்தோலிக்கப் பிள்ளைகளும் ஊர் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஏறக்குறையச் சரிபாதி. நான் சங்கீத ஆசிரியை. எனக்குத் துணையாக இருந்தவர் கணிதம் படிப்பிக்கும் மூத்த ஆசிரியை. கல்பிட்டிக்காரர். அங்கே முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

அந்த வருடம் பாடசாலைக்கு நல்ல வருடம். வலைப்பந்துப் பிள்ளைகள் மாகாணம் வரை போய் வென்று வந்தார்கள். அதைவிடப் பெரிது, ஒரு மாணவி பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்திருந்தாள். எங்கள் பாடசாலையில் அப்படி ஒருத்தி எடுத்தது அதுதான் முதல் தடவை. அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் உயர்தர வகுப்புக்கும் எங்களிடமே தங்கிவிட்டாள். பாடசாலை அதிபராக இருந்த சிஸ்டருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. கிறிஸ்மஸ் ஒளி விழாவையும் பரிசளிப்பையும் மார்கழி விடுமுறைக்கு முன் ஒரே நாளில் வைப்போம் என்றார். கரோல் கீதங்கள் என் பொறுப்பு.

மண்டபத்தின் ஒரு பக்க ஜன்னல்கள் கடலைப் பார்த்தவை. மதிலுக்கு அப்பால் சவுக்கு மரங்கள், அதற்குப் பிறகு மணல், அதற்குப் பிறகு கடல். ஒத்திகை தொடங்கிய முதல் கிழமையிலேயே ஒன்றைக் கவனித்தேன். இரண்டாவது வரிசையில் நின்ற பிள்ளைகள் பாடிக்கொண்டே மெல்ல மெல்ல ஜன்னலை விட்டு விலகினார்கள். வரிசை கோணலாகிவிடும். நான் நேராக்குவேன். அடுத்த பாட்டில் மறுபடியும் கோணலாகும்.

“என்ன பிள்ளைகள், அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

ஒரு சிறியவள் சொன்னாள். “டீச்சர், அந்த மனிசி எங்கள அளக்குது.”

திரும்பிப் பார்த்தேன். சவுக்கு மரத்தடியில் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயது இருக்கலாம். வெளிறிய நீலச் சேலை, மழை இல்லாத நேரத்திலும் விரித்த கறுப்புக் குடை. பாட்டு நின்றுவிட்டது அவருக்குத் தெரியாதது போல இருந்தது. வலது கையை உள்ளங்கை கீழே இருக்கும்படி காற்றில் நீட்டினார். சின்னப் பிள்ளையின் தலையைத் தடவப்போவது போல. பிறகு அந்தக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார். நிறுத்திய கையைப் பார்த்தார். எங்கள் பிள்ளைகளைப் பார்த்தார். திரும்பக் கையைப் பார்த்தார். கைக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஆனால் அந்தக் கை யாரோ ஒருவரின் தலைமேல்தான் இருந்தது.

நான் ஜன்னலுக்குப் போவதற்குள் அவர் மரங்களுக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு ஏறக்குறைய எல்லா ஒத்திகைக்கும் வந்தார். முஸ்லிம் பிள்ளைகள் அது ஜின் என்றார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலுவை போட்டுக்கொண்டு பாடினார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது, அவளைத்தான் முதல் நாள் அந்தப் பெண் கூடுதலாகப் பார்த்தார் என்று கதை கட்டினார்கள். பாடசாலை வாசலில் நிற்கும் வாச்சரிடம் கேட்டேன். “வாசல் கேட்டால ஒருத்தரும் வாறல்ல மிஸ். பின்மதில் உடைஞ்சு கிடக்குத்தானே,” என்றார். எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்குக் கடற்கரைத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார். யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

விழா நாளன்று விடியற்காலையே மழை. கடதாசி நட்சத்திரங்களெல்லாம் ஈரத்தில் சோர்ந்து தொங்கின. பாலன் குடிலுக்கு மணல் கொட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று அமைதியானார்கள். நிமிர்ந்தேன். பெற்றோருக்காகப் போட்டிருந்த கதிரைகளில், கடைசி வரிசையில், அந்தப் பெண் இருந்தார். மண்டபத்தில் எங்களைத் தவிர ஒருவரும் வந்திருக்கவில்லை. அவர் உள்ளே வந்ததை யாரும் காணவில்லை. குடை மடியில். மடி முழுக்க நனைந்திருந்தது.

“ஆரைப் பார்க்க வந்தீங்க அம்மா?” என்று கேட்டேன்.

“விழாப் பார்க்க,” என்றார். குரல் தாழ்வாக, மிக மரியாதையாக இருந்தது. “இருக்கலாம்தானே ரீச்சர்?”

ரீச்சர் என்று அவர் சொன்ன விதத்தில் வடக்குக்காரர் என்று விளங்கியது. இருங்கள் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

பெற்றோர் வந்தார்கள், விருந்தினர் வந்தார், மங்கள விளக்கு ஏற்றினார்கள். பிள்ளைகள் அன்று வரிசை கோணாமல் பாடினார்கள். ஆனால் ஒரு பிள்ளைகூட மண்டபத்தின் கடைசிப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்துப் பாடினார்கள்.

ஒன்பது ஏ எடுத்தவள் மட்டும் வரவில்லை. அவளுடைய அம்மாவுக்கு சிலாபம் ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் நடந்திருந்தது. துணைக்கு நின்றவள், காலை பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று அறிவித்திருந்தாள். பாதையில் வெள்ளம். பஸ் வரவில்லை. அவளுக்கான பரிசுக் கப்பைக் கடைசிக்கு வைத்துப் பார்த்தோம். கடைசியும் வந்துவிட்டது. அறிவிப்புச் செய்த ஆசிரியை அவளுடைய பெயரை வாசித்தார். விருந்தினர் கப்பைக் கையில் எடுத்தார். ஒருவரும் எழும்பவில்லை.

ஆசிரியை இரண்டாம் முறை வாசித்தார். ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கூரையில் மழைச் சத்தம்.

மூன்றாம் முறை வாசித்தபோது கடைசி வரிசையில் கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது.

அந்தப் பெண் நடுப்பாதையால் நடந்து வந்தார். அவசரமில்லாத நடை. ஈரச் சேலை சீமெந்துத் தரையில் இழுபட்டு ஒரு கோடு போட்டது. மேடைப் படியேறினார். விருந்தினர் அவரைத் தாய் என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு கப்பைக் கொடுத்தார். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக் குனிந்து வணங்கினார். பெற்றோர் கைதட்டினார்கள். பிள்ளைகள் தட்டவில்லை. அதிபர் சிஸ்டருக்கு அந்தப் பிள்ளையின் தாயை நன்றாகத் தெரியும். கதிரையில் பாதி எழும்பியவர் அப்படியே நின்றார். மேடையில் அவரைத் தடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அந்தப் பெண் படியிறங்கி, பக்கக் கதவால், கப்போடு மழைக்குள் போய்விட்டார்.

விழா முடிந்ததும் சிஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “சத்தம் போடாதீங்க. போலீஸ் வேணாம். போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க.”

மத்தியானம் திரும்பிய நேரம் ராத்தாவும் நானும் உடைந்த மதிலைத் தாண்டிப் போனோம். மழை தூறலாகியிருந்தது. அலை இல்லை. மார்கழியில் எங்கள் பக்கக் கடல் குளம் போலக் கிடக்கும். சவுக்குக்குள் காற்று நின்றிருந்தது. ராத்தா வாய்க்குள் ஓதிக்கொண்டே நடந்தார். “பயமா ராத்தா?” என்றேன். “பயம் இல்லாட்டி ஏன் ஓதுறன்,” என்றார்.

தென்னந்தோட்டத்தின் ஓரத்தில் காவல்காரர்களுக்குக் கட்டிய ஓர் அறை வீடு இருந்தது. கதவு திறந்தே இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

உள்ளே, கதவுக்கு நேரே, ஒரு பிள்ளை நின்றது.

எங்கள் பாடசாலையின் வெள்ளை யூனிபோம். கழுத்தில் எங்கள் டை. தலை இல்லை. ராத்தா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மூச்சு விட்டுப் பார்த்த பிறகுதான் அது கூரை வளையிலிருந்து ஹங்கரில் தொங்கும் நீளச் சட்டை என்று தெரிந்தது. கஞ்சி போட்டு அழுத்தியதால் உள்ளே ஆள் இருப்பது போல விறைத்து நின்றது. அதன் கீழே, தரையில், ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. பக்கத்தில் மேசையில் கப்.

“வாங்கோ ரீச்சர்,” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்திருந்தார். “நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

மூலையில் ஒரு தையல் மெஷின். சுவரோரக் கயிற்றில் வேறு யூனிபோம்களும் இருந்தன. எல்லாம் வெள்ளை. ஒன்று எட்டு வயதுப் பிள்ளைக்குரியது. அடுத்தது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். ஒவ்வொன்றும் முந்தியதை விடச் சிறிது நீளம். ஒன்றுகூட உடுத்தியதாக இல்லை.

என்னால் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. ராத்தாதான் கேட்டார். “மகள் எங்க தங்கச்சி?”

“கடைசிச் சண்டையில, சனத்தோட சனமா வரேக்க, கையை விட்டிட்டா. கடலோரம். எட்டு வயசு.” வெகு நிதானமாகச் சொன்னார். “முகாமில ஸ்பீக்கரில பேர் கூப்பிடுவினம். ஆக்கள் எழும்பி ஓடுவினம். என்ரை பிள்ளையின்ரை பேரை நான் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவிச்சனான். ஒருத்தரும் எழும்பேல்லை. இங்க வந்து இருந்தாப்பிறகு, உங்கட பள்ளிக்கூட ஸ்பீக்கரில ஒரு நாள் அதே பேர் கேட்டுது.”

எங்கள் கெட்டிக்காரியின் பெயர். அவருடைய மகளின் பெயரும் அதுவே.

“இண்டைக்கு மூண்டு தரம் கூப்பிட்டிச்சினம் ரீச்சர். பார்த்துக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சு.”

“இந்தச் சட்டையெல்லாம்…” என்று இழுத்தேன்.

“எனக்கு விசர் பைத்தியம் ஒண்டும் இல்லை, பயப்பிடாதீங்கோ. அவ இஞ்ச இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா காணாமல் போனதெண்டா வளர்த்தி நிண்டிடுமா? வந்து நிக்கேக்க நான் எட்டு வயசுச் சட்டையைக் குடுக்கிறதே? அவவின்ரை வயசுப் பிள்ளையள் எவ்வளவு உயரம் எண்டு பார்க்கத்தான் வாறனான்.”

கப்பைத் தரும்படி எங்களால் கேட்க முடியவில்லை. திரும்பும்போது ராத்தா ஓதவும் இல்லை.

திங்கட்கிழமை அந்த மாணவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். நடந்ததைச் சிஸ்டர் மறைக்காமல் சொன்னார். வேறு கப் வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

“நானே போறன் சிஸ்டர்.”

“பயமில்லையா?”

“பயம்தான். டீச்சரும் வரட்டும்.”

அன்றைக்கு வெயில். அவள் யூனிபோமோடு கதவடியில் போய் நின்றபோது அந்தப் பெண் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து வந்து, தொங்கிய சட்டையை ஹங்கரோடு எடுத்து, அவளுடைய தோளில் வைத்துப் பார்த்தார். தோள் சரி. இடுப்புச் சரி. முழங்காலுக்குக் கீழே அதன் மடிப்பும் அவள் உடுத்திருந்த சட்டையின் மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. நான் அங்கே நின்றபடி அந்த இரண்டு வெள்ளைகளையும் பார்த்தேன். ஒரு கணம் எது வெறும் துணி, எது பிள்ளை என்று பிரிக்க முடியவில்லை.

“இவ்வளவுதான் இருப்பா,” என்றார் தனக்குள்.

கப்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அவள் வாங்கினாள். போகத் திரும்பியபோது கேட்டார். “பிள்ளை, ஒருக்கா அந்தத் தென்னையடியில போய் நிக்கிறியே? நான் கூப்பிடுறன். நீ ஓம் எண்டு பதில் சொன்னாப் போதும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் போய் நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெயர் வந்தது. இவ்வளவு நாளும் தாழ்வாகப் பேசிய குரல் அல்ல, வளவு முழுக்கக் கேட்கும் குரல். விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரல்.

“ஓம் அம்மா,” என்றாள் அவள்.

நாங்கள் காத்திருந்தோம். பிறகு உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

அடுத்த வருட ஒளி விழாவுக்கு அவருக்கு நாங்களே சொல்லியனுப்பினோம். முன்வாசலால் வந்து, பெற்றோரோடு இருந்தார். எங்கள் கெட்டிக்காரி உயர்தரமும் நன்றாகச் செய்து பல்கலைக்கழகம் போனாள். நானும் இடமாற்றம் கிடைத்து சிலாபத்துக்கு வந்தேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு நத்தார்க் காலத்தில், கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள் தொங்கிய சிலாபம் கடைத்தெருவில், புடவைக் கடை ஒன்றில் அவரைக் கண்டேன். முடி நன்றாக நரைத்திருந்தது. சுகம் விசாரித்தேன். இன்னும் தைக்கிறீர்களா என்று கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார்.

“இனி அளவெடுக்கிற வேலை இல்லை ரீச்சர். படிச்சு முடிச்சிருப்பா. இனிச் சாறிதானே. சாறி எண்டா எந்த உயரத்துக்கும் வரும்.”

முன்னால் நாலைந்து சேலைகளை விரித்துப் போட்டிருந்தார்கள். எது நல்லது என்று என்னிடம் கேட்டார். பச்சையில் சிறிய பூப்போட்டதை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதன் முந்தானையை என் தோளில் போட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். கடைக்குள் சனம் நெருக்கியடித்தது. நான் அசையாமல் நின்றேன்.