மூன்றாவது குழாய்

கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பத்து வருஷமாக வேலை பார்க்கும் தாமரைக்கு நரம்பு பார்த்து ஊசி குத்துவதில் நல்ல கைராசி. கிள்ளானிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பாக்கியத்திடம் இரத்தம் எடுப்பவள் அவள்தான். சிகரெட்டைத் தொட்டே அறியாத பாக்கியத்துக்கு நுரையீரல் புற்றுநோய்.

"எதுக்கும்மா இவ்ளோ ரத்தம்?" என்று முதல் நாளே கேட்டார்.

"புற்றுநோய் செல்லு குட்டிக் குட்டிப் பொட்டலமா வெளிய அனுப்பும், ஆன்டி. எக்ஸோசோம்னு பேரு. உள்ள ஆர்.என்.ஏ இருக்கும். அது ரத்தத்தோட போயி, எலும்பு, மூளைன்னு சேர்ற எடத்துல நோய் வேர்பிடிக்க வசதி பண்ணிக் கொடுக்குது. பரவுறதுக்கு முன்னாடியே அத வெச்சு கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்குறோம்."

"எனக்கு உதவாட்டியும் யாருக்காச்சும் உதவட்டும் லா," என்று கையை நீட்டினார் பாக்கியம்.

மூன்றாவது முறை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. உடனே பிரித்து உறையவைக்க வேண்டிய இரத்தம் இருந்த சோதனைக் குழாயை மேசையிலேயே விட்டுவிட்டு, ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் தாமரை கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால், இரத்தம் கெட்டுப்போயிருந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்து பதிவேட்டில் எழுதினாள்: "நரம்பு கிடைக்கவில்லை. இரத்தம் எடுக்க முடியவில்லை."

அடுத்த மாதமே நோய் எலும்புக்குப் பரவியது. ஆய்வுக்கு மிகவும் தேவைப்பட்டது, பரவுவதற்குச் சற்று முன் எடுத்த அந்த இரத்தம்தான்.

நான்காம் முறை சக்கர நாற்காலியில் வந்த பாக்கியம், "போன தடவ எடுத்தது பிரயோசனப்பட்டுச்சா?" என்றார்.

"ரொம்ப, ஆன்டி." சொன்ன பிறகு தாமரையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்று வாரத்தில் பாக்கியம் இறந்துபோனார். அன்றே தாமரை தலைமை ஆய்வாளர் குகனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். குடும்பத்துக்குத் தானே தெரிவிப்பதாகவும் சொன்னார். "நானே நேர்ல போயி சொல்றேன், டாக்டர்," என்றாள்.

பாக்கியத்தின் கணவர் ரபேல் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். கிள்ளானில் அவர் வீட்டுக்கே போய்த் தாமரை நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"மூச்சு வாங்கிக்கிட்டே ரயிலேறி வந்தா. தெரியுமா?"

"தெரியும், அங்கிள்."

"நரம்பு கிடைக்கலன்னு பழிய அவ மேல போட்டுட்டியேம்மா."

தாமரை அழுதாள். ரபேல் சமாதானம் சொல்லவில்லை.

"முப்பது வருஷம் இந்த வீட்டுக்குள்ளயே சிகரெட் பிடிச்சவன் நான்," என்றார் பிறகு. "உன்னத் திட்ட எனக்கு வாய் வரல. அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத."

வாசல்வரை வந்தவர் கேட்டார்: "அவளோட ரத்தம் இன்னும் எத்தன குழாய் இருக்கு?"

"மூணு, அங்கிள்."

"அதயாச்சும் பத்திரமா வெச்சுக்க."