ரூத் டீச்சருக்குப் பஸ்ஸில் கிடைத்த பிள்ளை

நியூசிலாந்திலிருந்து ஒரு டீச்சர் வருகிறாள், ஒரு வருஷம் உங்கள் வீட்டு மாடியில் இருக்கட்டும் என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "அவ சோறு திம்பாளா மிஸ்?" என்பதுதான். தின்றாள். ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டாள். ஒரு வருஷம் என்று வந்தவள் நாலு வருஷம் இருந்தாள்.

பெயர் ரூத். எங்கள் சபையிலேயே ரூத் என்று நாலைந்து பேர் இருந்ததால் அந்தப் பெயரில் யாருக்கும் நாக்கு சுளுக்கவில்லை. வந்தது எண்பத்தெட்டில். முப்பது வயதிருக்கும். நல்ல உயரம், எங்கள் மாடிப்படி நிலையில் தலையை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. வேலை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில், இங்கிலீஷ் பாடம். நான் அங்கே தமிழ் டீச்சர். வீடு ராஜபாளையத்தில். ஆக, தினமும் காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும்.

முதல் நாள் அவள் ஓடவில்லை. பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நின்றாள். வரிசை என்றால், அவள் ஒருத்திதான் வரிசை. பஸ் வந்ததும் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஜனம் ஏறியது. அவள் ஒதுங்கி ஒதுங்கி எல்லாருக்கும் வழிவிட்டாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் அப்படியே போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, இது என்ன கல்யாணப் பந்தியா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வைக்கதுக்கு? ஏறு!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றினேன்.

ஒரே மாதத்தில் சன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கப் பழகிவிட்டாள். ஒரு தடவை ஒரு மனுஷன் அந்தக் கைக்குட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். ரூத் அவன் முன்னால் போய் நின்று, "ஐயா, தாங்கள் என் கைக்குட்டையின் மேல் அமர்ந்திருக்கிறீர்கள்" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த தமிழ். அந்த ஆள் பதறி எழுந்தவன், இறங்குகிற வரைக்கும் எங்கேயும் உட்காரவே இல்லை.

டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் நன்றி சொல்லுவாள். அந்தத் தனியார் பஸ்ஸில் சங்கையா என்று ஒரு கண்டக்டர். கூச்ச சுபாவம். இவள் நன்றி சொன்னதும், வாயில் விசில் இருப்பதை மறந்து "இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லப் போவார். விசில் கத்தும். டிரைவர் பிரேக் போடுவார். பஸ்ஸே ஒருத்தர் மேல் ஒருத்தர் சாயும். "நீ மனசுக்குள்ளயே நன்றி சொல்லு தாயே" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

இதெல்லாம் அவளுக்குச் சந்தோஷம்தான். ஒரே ஒரு குறை இருந்தது. எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மடி, நிற்கிறவர்களுக்குச் சொந்தம். யாரென்று பார்க்கிறது கிடையாது. பையை வைப்பார்கள், தூக்குவாளியை வைப்பார்கள், பிள்ளையை உட்கார வைப்பார்கள். என் மடியில் கீரைக்கட்டும் முருங்கைக்காயும் குவிந்து கிடக்கும். ரூத் மடியில் மட்டும் ஒருத்தரும் எதையும் வைக்க மாட்டார்கள். அவளே கையை நீட்டிக் கேட்டாலும், "வேண்டாம் டீச்சர், ஒங்க சேலை அழுக்காயிரும்" என்று ஒதுங்குவார்கள்.

"அக்கா, நான் என்ன தப்பு பண்றேன்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. ஒன்னைய மதிக்காங்க."

"மதிக்க வேண்டாம். பையைக் குடுத்தாப் போதும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. ரூத்துக்கு நடுவில் சன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. நான் முன்னால் டிரைவர் பக்கம் நசுங்கிக்கொண்டு நின்றேன். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் வெளியிலிருந்து இரண்டு கைகள் சன்னல் வழியாக ஒரு கைக்குழந்தையை உள்ளே நீட்டியிருக்கின்றன. "செத்தப் பிடிங்க, ஏறி வந்து வாங்கிக்கிடுதேன்" என்று ஒரு குரல். ரூத் வாங்கிக்கொண்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம், இத்தனை தலைகளுக்கும் மேலே ஒரு குழந்தை உயர்ந்ததும், "அக்கா, இங்க பாருங்க!" என்ற சத்தமும்தான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தாய்க்காரி பின்னால் கூட்டத்தில் நிற்கிறாள் என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். பஸ் புறப்பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாரும் இறங்கினார்கள். ரூத் பிள்ளையோடு படிக்கட்டுப் பக்கத்தில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் "உங்களோடதா?" என்று கேட்டாள். ஒருத்தியும் ஆமாம் என்று சொல்லவில்லை. பஸ் காலியாகிவிட்டது.

சங்கையா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! ராஜபாளையத்துல ஒருத்தி பலாப்பழத்தோட ஓடி வந்தா டீச்சர். நிக்க எடமில்ல, அடுத்த பஸ்ல வரட்டும்னு விசில் குடுத்துட்டேன். ஏறுங்க, அங்கயே கொண்டு விட்டுருதேன்."

நானும் அதைத்தான் சொன்னேன். ரூத் கேட்கவில்லை. "அம்மா பிள்ளையைத் தேடி இங்கதான் வருவாங்க. நாம போனா வழியில மாறிடுவோம். இருக்கிற இடத்திலயே இருக்கணும்" என்று பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான். சங்கையா, தான் போய்ப் பார்ப்பதாகச் சொல்லி பஸ்ஸோடு திரும்பினார்.

அடுத்த பஸ் வந்தது. ரூத் எழுந்து நின்று, இறங்குகிறவர்கள் கண்ணில் படும்படி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். யாரும் ஓடி வரவில்லை. அதற்கடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் இல்லை. பிள்ளை அவள் கண்ணாடியைப் பிடுங்கி விளையாடியது, சேலையை நனைத்தது, பிறகு வீறிட்டு அழ ஆரம்பித்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"பொட்டப் பிள்ளையா?" என்று ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். "அப்பச் சரி. வேணும்னேதான் குடுத்துட்டுப் போயிருக்கா. வெள்ளைக்காரி வளத்துக்கிடுவான்னு."

அதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு ரூத்துக்குத் தமிழ் வந்துவிட்டிருந்தது. முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"வாயைக் கழுவுய்யா முதல்ல!" என்று அந்த ஆளை விரட்டினேன். விரட்டினேனே தவிர, எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. தாய்க்காரி வராமலே போனால்? கர்த்தரே, அவளைக் கொண்டு வந்து சேர்த்துவிடும் என்று வேண்டிக்கொண்டேன்.

அதற்குள் ஏட்டு கண்ணுச்சாமி வந்து சேர்ந்தார். "பிள்ளையைக் குடுங்கம்மா. ஸ்டேஷன்ல வச்சிருக்கோம்."

"முடியாது சார். அவங்க என்கிட்ட குடுத்தாங்க. நான் அவங்ககிட்ட குடுக்கணும்."

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர். கேஸாகிப் போச்சுன்னா வெளிநாட்டுக்காரி, பாஸ்போர்ட்டு கீஸ்போர்ட்டுன்னு எம்புட்டுத் தொந்தரவு!"

பிள்ளை அழுது அழுது நீலம் பாரித்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பாலம்மாள், தன் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்துக் கீழே இறக்கிவிட்டு, "இங்க கொண்டாங்க தாயி. பச்சப்பிள்ளை வயிறு காயுதுல்ல" என்று கையை நீட்டினாள். ரூத் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கொடுத்துவிட்டு அவளை ஒட்டி மண்ணில் உட்கார்ந்து, பிள்ளையின் கால் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஏட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்குக் குடுக்க மாட்டீங்க, அவளுக்குன்னா குடுப்பீங்களோ?"

"ஒங்களால பால் குடுக்க முடியும்னா நீங்களே வாங்கிக்கிடுங்க சார்" என்றாள் பாலம்மாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏட்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விசில் சத்தம் கேட்டது. சங்கையா படியில் தொங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே விசில் அடித்துக்கொண்டு வந்தார். பஸ் நிற்பதற்குள் ஒரு பெண் குதித்தாள். தலை கலைந்து, கண் வீங்கி, இடுப்பில் பலாப்பழம். நேரே ஓடி வந்தவள், எதிரே நின்ற ஏட்டின் கையில் பழத்தைத் திணித்துவிட்டுப் பிள்ளையை வாரி எடுத்தாள். மோந்து மோந்து பார்த்து அழுதாள். "எந்தாயி, எந்தாயி" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை. கொய்யாப்பழக்காரியும் அழுதாள்.

அவள் பெயர் முத்துப்பேச்சி, சேத்தூர்க்காரி. மகாராஜபுரத்தில் அக்காளைப் பார்க்கப் புறப்பட்டவள். நடந்ததைச் சங்கையா சொன்னார். பஸ்ஸுக்குப் பின்னாலேயே மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறாள். அந்த பஸ்ஸே திரும்பி வரும், இங்கேயே இரு என்று யாரோ சொல்ல, நின்ற இடத்திலேயே காத்திருக்கிறாள். இங்கே ரூத்தும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

"பஸ்ல பிள்ளை இல்லைன்னதும் ஏஞ்சட்டையைப் பிடிச்சுட்டா டீச்சர். இந்தா பாருங்க, பித்தானெல்லாம் போச்சு" என்று நெஞ்சைத் திறந்து காட்டினார்.

ஏட்டு கண்ணுச்சாமிக்கு இப்போது யாரையாவது திட்டியாக வேண்டும். பலாப்பழத்தை அணைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "ஒனக்குப் பிள்ளை பெருசா, பழம் பெருசா? அதுவும் முன்ன பின்ன தெரியாத ஒரு வெள்ளைக்காரி கையில, எந்தத் தைரியத்துல பிள்ளையைக் குடுத்த?"

முத்துப்பேச்சி அப்போதுதான் ரூத்தை நிமிர்ந்து பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"யாருன்னு நான் எங்க சார் பாத்தேன்?" என்றாள். "சன்னலோரம் உக்காந்திருந்தாக. குடுத்தேன்."

அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ரூத், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள்.

முத்துப்பேச்சி பதறிப்போனாள். "ஏன் டீச்சர் அழுதீக? பிள்ளை கடிச்சு வச்சிருச்சா?"

"இல்ல, இல்ல" என்று ரூத் தலையை ஆட்டினாள். சிரித்தாள். மறுபடியும் அழுதாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போனபோது இரண்டு பீரியடு முடிந்திருந்தது. ஈரச் சேலையும் கலைந்த தலையுமாகப் போனவளை ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"என்ன ரூத், இவ்வளவு லேட்?"

"பஸ்ல ஒரு அம்மா என்கிட்ட பிள்ளையைக் குடுத்தாங்க மிஸ்!" என்றாள் ரூத், மேடையேறிப் பரிசு வாங்கி வந்தவள் போல.

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பஸ்ல குடுக்கத்தான செய்வாங்க. அதுக்கென்ன?" என்று என்னைப் பார்த்தார்.

"என் மடியில கீரைக்கட்டைத்தான் மிஸ் வைக்காங்க" என்றேன். "பிள்ளையை இவளை நம்பித்தான் குடுத்திருக்காங்க."