மெனுவில் மட்டும் சிரித்தவர்

நடந்தது இதுதான். கூட்டிச் சொல்லவில்லை. நேரங்கள் கணினித் திரையின் மூலையில் நான் பார்த்தவை. அக்காவும் சாட்சி. அவளிடம் மட்டும் கேட்காதீர்கள்.

அத்தான் இறந்து மூன்று வருடம். அவர்களுடைய கல்யாண டிவிடியை அக்கா தினமும் போடுவாள். படத்தை ஓடவிட மாட்டாள். படத்துக்கு முன் பட்டன்களோடு வரும் மெனுவோடு சரி. ஒரு மண்டபத்தின் நீண்ட நடைவழி. முதுகு காட்டி நிற்கும் அத்தான் திரும்புவார், சிரிப்பார், கையசைப்பார். இருபத்திரண்டு விநாடி. பிறகு முதலிலிருந்து. படம் முழுக்க அவர் விறைப்பாகத்தான் இருப்பார். சிரிப்பது மெனுவில் மட்டும். நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

“ஓட்டலுக்குப் போய் மெனு கார்டை மட்டும் படிச்சிட்டு வர்ற ஆளு நீ,” என்பேன்.

“எனக்கு அதுலயே வயிறு நிறையுதுடா,” என்பாள்.

சென்ற மாதம் டிவிடி திக்கத் தொடங்கியது. கணினிக்கு மாற்றித் தரச் சொன்னாள்.

“படம் போனாப் போகுது. மெனு அப்படியே ஓடணும்.”

படத்தை மட்டும் எடுப்பது சுலபம். மெனுவும் வேண்டுமென்றால் வட்டில் உள்ள அத்தனை கோப்புகளையும் அதே பெயரில், அதே அடுக்கில் எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பட்டன்கள் வேலை செய்யாது. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.10க்குத் தொடங்கினேன். நல்ல வெயில். அக்கா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

2.31. அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது. டிரைவிலிருந்து சத்தம். டக்... டக்... டக்... படிக்க முடியாத பகுதியைத் தாண்டலாமா என்று திரை கேட்டது. வழக்கமாகத் தாண்ட மாட்டேன். வட்டை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி முயல்வேன். அன்று ஏனோ ‘தாண்டு’ என்று அழுத்தினேன்.

2.44. முடிந்தது. திறந்தேன். மெனு வந்தது. பாட்டு. பட்டன்கள். நடை. அத்தானின் முதுகு.

அவர் திரும்பவில்லை.

இருபத்திரண்டு விநாடி. மறுபடி முதலிலிருந்து... திரும்பவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றார்.

மூன்றாவது சுற்று. இன்னும் தள்ளி...

பிரதியை மூடினேன். வட்டையே ஓடவிட்டேன். பிரதியில் விட்ட இடத்திலேயே இருந்தார். இப்போது நடந்துகொண்டிருந்தார்.

“அக்கா...”

வந்தாள். பார்த்தாள்.

“அவரைத் திரும்பச் சொல்லுடா.”

“எப்படிக்கா?”

“நீதானே மாத்தின? ஏதாவது பண்ணு!”

நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். எல்லாப் பட்டனையும் அழுத்தினேன். பாட்டு ஓடியது. அவர் நடந்தார். அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

2.52. நடையின் கோடியில் ஒரு கதவு. அடைந்துவிட்டார்.

கை வைத்தார்.

பாட்டு நின்றது.

கதவு சாத்தும் சத்தம்...

ஸ்பீக்கரில் இல்லை.

எங்கள் வாசலில்.

ஓடினேன். வாசல் கதவின் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

திரும்பி வந்தபோது திரையில் வெறும் நடை. வட்டிலும் அதுதான், பிரதியிலும் அதுதான். அக்கா அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அந்த டிவிடியைத் தயாரித்த வீடியோக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. மெனுவில் மாப்பிள்ளை திரும்பிச் சிரிக்கும் துண்டு மட்டும் வேண்டும் என்றேன்.

“சிரிக்கிறாரா? மெனுவுலயா?” என்றார். “அசையுற படம் மெனுவுக்கு நான் போட்டதே இல்ல தம்பி. ஆள் நின்னா பட்டன் எழுத்து படிக்க முடியாது. காலியா இருந்த நடைய ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கேன். எல்லாக் கல்யாணத்துக்கும் அதேதான்.”

போனை வைத்தேன். அக்கா எதிரில் நின்றாள்.

“அவர்கிட்ட வேற காப்பி இருக்காமாடா?”